திரும்பி நின்ற கொக்கு

ஓல்டென்பெக் நகரத்தில் எல்லோருடைய பையிலும் ஒரு கொக்காவது இருக்கும். சிலர் பையில் பத்து இருக்கும், இருபது இருக்கும். பணக்காரர் வீட்டுப் பெட்டியில் ஒரு கூட்டமே இருக்கும்.

உயிருள்ள கொக்கு இல்லை. செப்புக்காசு. கட்டைவிரல் நகம் அளவுதான். ஒரு பக்கம் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு, மறுபக்கம் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோடு. விளிம்பைச் சுற்றிப் புள்ளிகள். அவ்வளவுதான், எழுத்தே கிடையாது. படிக்கத் தெரியாதவர்களுக்கும் கொக்கைத் தெரியும் அல்லவா? ‘எனக்கு நாலு கொக்கு தரணும்’, ‘ஒரு கொக்குக்கு வெங்காயம் குடு’ என்றுதான் அந்த ஊரில் பேசிக்கொள்வார்கள்.

இந்தக் கொக்குகள் நகரத்தின் மதிலுக்குள் மட்டும்தான் செல்லும். வாசலைத் தாண்டி ஒரு அடி வைத்துவிட்டால் வெறும் செம்பு. அதனால் வெளியூர்க்காரர்கள் சந்தைக்கு வந்து எதையாவது விற்றால், கிடைத்த கொக்குகளை எல்லாம் ரொட்டியாகவோ உப்பாகவோ மாற்றிக்கொண்டுதான் ஊர் திரும்புவார்கள்.

ஹில்லாவுக்கு வயது பத்து. பூட்டுக்காரர் லம்பெர்ட்டின் ஒரே மகள். காலையில் கண் விழிக்கும்போதே ஒரு கேள்வியோடுதான் விழிப்பாள். மீன் தூங்கும்போது ஏன் மூழ்குவதில்லை? கோயில் மணிக்கு ஏன் கீறல் விழுந்தால் குரல் போய்விடுகிறது? அப்பா பட்டறையில் வேலை செய்துகொண்டே பதில் சொல்வார். பதில் தீர்ந்துபோனால் தலையைச் சொறிந்துகொள்வார்.

“இந்த ஊர்ல எல்லாக் கதவுக்கும் பூட்டுப் போட்டுட்டேன். உன் வாய்க்குத்தான் இன்னும் ஒண்ணு செய்யத் தெரியல” என்பார்.

அந்த வருஷம் அப்பாவுக்கு ஒரு பெரிய வேலை வந்திருந்தது. காசு அடிக்கும் பழைய இரும்பு அச்சு உடைந்துபோயிற்று. அதை வைத்துக் காசு அடித்துக்கொண்டிருந்த கிழவரும் பனிக்காலத்தில் இறந்துபோனார். தூரத்து நகரத்திலிருந்து அச்சு வெட்டுகிறவரை வரவழைத்தால் நிறையச் செலவாகும். ‘நம்ம லம்பெர்ட் சாவித்துளையிலேயே பூவேலை செய்யறவர், ஒரு கொக்கை வெட்ட மாட்டாரா?’ என்று நகர மன்றம் அவரிடமே கொடுத்துவிட்டது.

அப்பா காசு அச்சு வெட்டினதே இல்லை. ஆனாலும் ஒரு பழைய கொக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இறகாகப் பார்த்துப் பார்த்து இரும்பில் வெட்டினார். வேலை முடிந்து அச்சைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டார். மன்றத்து நிலவறைக் காவலாள் அந்த அச்சின்மேல் செப்புத் தகடுகளை வைத்துச் சுத்தியலால் அடித்து, ஒரு சின்ன மூட்டை நிறையப் புதுக்கொக்குகளை உண்டாக்கினான். அவற்றைப் பழைய கொக்குகளோடு கலந்து, அகழியைத் தூர்வாரினவர்களுக்குக் கூலியாகக் கொடுத்தார்கள்.

யாரும் அவற்றை உற்றுப் பார்க்கவில்லை. காசை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? எண்ணத்தானே பார்க்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை சந்தை கூடியது. ஹில்லா வழக்கம்போல வெண்டெலாவிடம் ஓடினாள்.

வெண்டெலா மதிலுக்கு வெளியே மேட்டுக்காட்டில் இருப்பவள். புதர்க்குச்சிகளை வெட்டித் துடைப்பம் கட்டி, கழுதைமேல் ஏற்றிக்கொண்டு வருவாள். ஹில்லாவின் கேள்விகளுக்குச் சலிக்காமல் பதில் சொல்லும் ஒரே ஆள் அவள்தான். பதில் தெரியாவிட்டால் அந்த இடத்திலேயே ஒன்றை உண்டாக்கிவிடுவாள். அவளுடைய கழுதைக்குப் பெயர் தலைவர்.

ஏன் இந்தப் பெயர் என்று ஹில்லா ஒருநாள் கேட்டிருந்தாள். வெண்டெலா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவள் காதில் சொன்னாள்: “உங்க நகரத் தலைவர் நடந்து வர்றப்போ எது முதல்ல வருது? வயிறு. இதுக்கும் அப்படித்தான். எதைச் சொன்னாலும் தலையை ஆட்டும், எதையும் செய்யாது.”

அன்று துடைப்பங்கள் நன்றாக விற்றன. ஆறே ஆறு மிச்சம். உச்சி மணி அடித்ததும் வெண்டெலா கிடைத்த கொக்குகளை எல்லாம் அள்ளிக்கொண்டு ரொட்டிக்கடைக்குப் போனாள். ஹில்லா கழுதையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள்.

ரொட்டிக்காரர் டில்மான் காசுகளைப் பலகையில் பரப்பி ஒவ்வொன்றாகத் தள்ளினார். நடுவில் விரல் நின்றுவிட்டது. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“இது என்ன?” என்றார்.

“கொக்கு” என்றாள் வெண்டெலா.

“கொக்குன்னு எனக்கும் தெரியுது. இது ஏன் அந்தப் பக்கம் பார்க்குது?”

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஓல்டென்பெக் கொக்கு எப்போதும் இடப்பக்கம் பார்க்கும். பிறந்ததிலிருந்து எல்லோரும் அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். இது வலப்பக்கம் பார்த்தது. டில்மான் தேடிப் பார்த்ததில் அதே மாதிரி இன்னும் இரண்டு கிடைத்தன. மூன்று கொக்குகளும் மற்றவற்றோடு கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதுபோல் பலகையில் கிடந்தன.

கள்ளக்காசு என்று யாரோ முணுமுணுத்தார்கள். அது வாய்க்கு வாய் பெரிதாகி, சந்தையின் அந்த மூலையில் மீன் விற்பவரிடம் போய்ச் சேர்ந்தபோது ‘ஒரு கூடை நிறையக் கள்ளக்காசு’ என்று ஆகியிருந்தது.

காவலாள் வந்து வெண்டெலாவை நகர மன்றத்துக்கு அழைத்துப்போனான். மன்றத்தின் கீழ்த்தளம் தூண்களும் கூரையும் மட்டும்தான், சுவர் இல்லை. அதனால் சந்தையே அங்கே கூடிவிட்டது. ஹில்லா ஒரு தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். நகரத் தலைவர் வந்தார். வயிறுதான் முதலில் வந்தது. எழுத்தர் வந்தார். ஹில்லாவின் அப்பாவையும் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். அவர் பட்டறையில் கட்டும் தோல் முன்துணியோடு அப்படியே வந்து நின்றார்.

“லம்பெர்ட், நீ அச்சுல வெட்டின கொக்கு எந்தப் பக்கம் பார்த்துது?” என்று தலைவர் கேட்டார்.

“இடப்பக்கம் ஐயா. பழைய காசைப் பக்கத்துல வெச்சு, அப்படியே வெட்டினேன்.”

“இந்தக் காசுல?”

அப்பா அதை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். “வலப்பக்கம் பார்க்குது. இது நான் வெட்டின கொக்கு இல்லீங்க” என்றார்.

எழுத்தர் இரும்புப் பெட்டியைத் திறந்து அச்சை எடுத்தார். எல்லோருக்கும் தெரியும்படி தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். அச்சில் இருந்த கொக்கு இடப்பக்கம் பார்த்தது. ஊர்க்காரர்கள் பையில் இருந்த கொக்குகளும் இடப்பக்கம் பார்த்தன. வெண்டெலாவின் மூன்று கொக்குகள் மட்டும் வலப்பக்கம். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? கூட்டம் தலையாட்டியது. ஹில்லாவும் கொஞ்சம் தலையாட்டிவிட்டாள்.

யாரிடம் வாங்கினாய் என்று வெண்டெலாவைக் கேட்டார்கள்.

“துடைப்பம் வாங்க வர்றவங்க மூஞ்சியைப் பார்ப்பேன். காசோட மூஞ்சியை யாரு பார்க்கிறா? குடுத்ததை வாங்கினேன்” என்றாள் அவள். குரல் தைரியமாகத்தான் இருந்தது. கைதான் பாவாடையைப் பிசைந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் மன்றம் கூடித் தீர்ப்புச் சொல்லும் என்றார் தலைவர். அதுவரை வாசல் கோபுரத்து அறையில் அவளை அடைத்து வைக்கச் சொன்னார். கள்ளக்காசுக்காரர்களுக்கு என்ன தண்டனை என்பதைப் பெரியவர்கள் பிள்ளைகள் காதுபடப் பேச மாட்டார்கள். ஆனால் ஒன்று ஹில்லாவுக்கே தெரியும். வெண்டெலா இனி இந்த வாசலுக்குள் வரவே முடியாது. மேட்டுக்காட்டில் துடைப்பம் யாருக்கு வேண்டும்? அங்கே இருக்கும் எல்லோருமே துடைப்பம் கட்டுகிறவர்கள்தான்.

காவலாள் கூட்டிப் போகும்போது வெண்டெலா திரும்பிப் பார்த்தாள். “ஹில்லா, தலைவருக்குத் தண்ணி காட்டிடு கண்ணு. முட்டைக்கோஸ் மட்டும் குடுத்துடாதே, வயிறு உப்பிக்கும்.”

“எனக்கு எதுக்குத் தண்ணி?” என்றார் நகரத் தலைவர், குழப்பத்தோடு.

அங்கே நின்றவர்களில் பலருக்கு ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

ஹில்லா கழுதையை வீட்டு முற்றத்தில் கட்டினாள். அது முதல் வேலையாக அம்மாவின் முட்டைக்கோஸ் பாத்தியில் பாதியைத் தின்றது.

அம்மா அதைக்கூடக் கவனிக்கவில்லை. தன் காசுப்பையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதில் ஒரு கொக்கு வலப்பக்கம் பார்த்தது. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. இது நம் வீட்டில் இருந்தது என்று தெரிந்தால் நம்மையும் கோபுரத்தில் ஏற்றிவிடுவார்கள், ஆற்றில் போட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்தாள். அப்படி நினைத்தது அம்மா மட்டும் இல்லை. அன்று சாயங்காலம் பாலத்துக்குக் காற்று வாங்கப் போனவர்கள் கூட்டம் அதிகம். ஒவ்வொருவரும் சும்மா நிற்பதுபோல் நின்றார்கள். தண்ணீரில் ‘டுபுக்’ என்று ஒரு சத்தம். பிறகு எதுவுமே நடக்காததுபோல் வீட்டுக்கு நடந்தார்கள்.

ஹில்லா அம்மாவிடம் கெஞ்சி அந்தக் காசை வாங்கிக்கொண்டாள். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றாள். அதைக் கொண்டுபோய்ப் பட்டறையில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவளுக்கு ஒன்று புரியவே இல்லை. இரண்டு கொக்குக்கு ஒரு முட்டை கிடைக்கும். கள்ளக்காசு செய்கிறவன் கஷ்டப்பட்டு அச்சு வெட்டி, செம்பு வாங்கி, நெருப்பு மூட்டி, ஒளிந்து ஒளிந்து அடித்து, கடைசியில் அரை முட்டையா சம்பாதிப்பான்? வெள்ளிக்காசு செய்யமாட்டானா? அப்பாவிடம் கேட்டாள்.

“மடையனா இருப்பான்” என்றார் அப்பா.

“மடையன்னா இறகை இவ்வளவு அழகா வெட்டுவானாப்பா?”

அப்பா காசை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். அதைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். கழுத்து வளைவைப் பார்த்தார். முழங்கால் முட்டியைப் பார்த்தார். வேலைக்காரனுக்கு இன்னொரு வேலைக்காரனின் கை தெரியும். மனசே இல்லாமல் சொன்னார்:

“நல்லாத்தான் வெட்டியிருக்கான் திருட்டுப்பய. என்னைவிட நல்லா வெட்டியிருக்கான்.”

அதற்குள் அம்மா கூப்பிட்டாள், ஹில்லா காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு ஓடினாள். ரொட்டிமாவு தயாராக இருந்தது, முத்திரை வைக்க வேண்டும்.

அந்தத் தெருவில் எல்லோருக்கும் ஒரே பொது அடுப்புதான். எல்லா வீட்டு ரொட்டியும் ஒன்றாக வேகும். யார் ரொட்டி யாருடையது என்று தெரிவதற்காக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மர முத்திரை இருக்கும். தச்சர் வீட்டு ரொட்டியில் சுத்தியல், நெசவுக்காரர் வீட்டு ரொட்டியில் கத்தரி, பூட்டுக்காரர் வீட்டு ரொட்டியில் சாவி. முத்திரை வைப்பது ஹில்லாவின் வேலை. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து வைக்கிறாள். சாவி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அவளும் பார்த்ததில்லை, வேறு யாரும் பார்த்ததில்லை. ரொட்டி வெந்தால் போதும்.

இன்றைக்கு அவள் கண் எல்லாவற்றிலும் ‘எந்தப் பக்கம்’ என்றே தேடிக்கொண்டிருந்தது. முத்திரையைத் திருப்பிப் பார்த்தாள். மரத்தில் சாவியின் பல் வலப்பக்கம் இருந்தது. மாவில் வைத்து அழுத்தி எடுத்தாள்.

மாவில் சாவியின் பல் இடப்பக்கம் இருந்தது.

ஹில்லா கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். இன்னொரு தடவை அழுத்தினாள். இடப்பக்கம்தான். முத்திரையைப் பார்த்தாள், வலப்பக்கம். மாவைப் பார்த்தாள், இடப்பக்கம்.

அம்மாவின் பையிலிருந்து ஒரு பழைய கொக்கை எடுத்தாள். இடப்பக்கம் பார்க்கும் நல்ல கொக்கு. அதைக் கவிழ்த்து மாவில் அழுத்தினாள். மாவுக்கொக்கு வலப்பக்கம் பார்த்தது. திருட்டுக்கொக்கை அழுத்தினாள். அதன் மாவுக்கொக்கு இடப்பக்கம் பார்த்தது. அப்புறம் கையில் கிடைத்ததை எல்லாம் அழுத்தினாள். சட்டைப் பொத்தான், பெல்ட்டின் கொக்கி, அப்பாவின் தொப்பியில் இருந்த தகரப் பூ. எல்லாமே திரும்பி நின்றன. மாவு அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது.

“முத்திரை வைக்கச் சொன்னா என்னடி பண்ணி வெச்சிருக்கே?” என்று அம்மா அதட்டினாள்.

 ஹில்லாவின் மனசுக்குள் விடை மெதுவாக வந்துகொண்டிருந்தது. அச்சு என்பது முத்திரை. காசு என்பது மாவு. அப்பா அச்சில் கொக்கை இடப்பக்கம் பார்க்கும்படி வெட்டினார். அப்படியானால் காசில் அது…

ஹில்லா காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

திருட்டுக்கொக்கு திருட்டுக்கொக்கே இல்லை. அதை வெட்டியது அப்பா.

அவள் முற்றத்துக்குப் போய்க் கழுதையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரிடம் சொல்வது? தெருவில் ஓடிப்போய்க் கத்தலாம். வெண்டெலாவை உடனே விட்டுவிடுவார்கள். ஆனால் ஊர் முழுக்க அப்பாவைப் பார்த்துச் சிரிக்கும். புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனாரே என்று சிரிக்கும். ‘நான் வெட்டினது இல்ல’ என்று அத்தனை பேருக்கு முன்னால் சொன்னாரே, பொய் சொன்னார் என்றுகூடச் சொல்லும். சொல்லாமலே இருந்துவிடலாமா என்றால், கோபுரத்து ஜன்னல் அவர்கள் முற்றத்திலிருந்தே தெரிந்தது.

கழுதை அவளுடைய தோளில் மூக்கை வைத்துப் பெருமூச்சு விட்டது. ஹில்லா எழுந்து உள்ளே போனாள். ஒரு உருண்டை மாவையும் சாவி முத்திரையையும் அந்தக் காசையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

எதையும் அவள் சொல்லவில்லை. காசை மேசையில் போட்டுவிட்டு, மாவை அப்பாவின் முன்னால் வைத்து, இதில் கொஞ்சம் முத்திரை வைத்துக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டாள். அப்பா விளையாட்டு என்று நினைத்து அழுத்தினார்.

“இப்போ முத்திரையைப் பாருங்கப்பா. அப்புறம் மாவைப் பாருங்க.”

அப்பா பார்த்தார். முதலில் புருவம் ஏறியது. பிறகு அவருடைய கை, தானாகவே, மேசையில் கிடந்த காசை எடுத்தது. அதே கழுத்து வளைவு. அதே முழங்கால் முட்டி. 

“நான் பொய் சொல்லல ஹில்லா” என்றார் கடைசியில்.

“தெரியும்பா.”

“ஆனா நான் சொன்னதை வெச்சுத்தான் அவளை அங்க உட்கார வெச்சிருக்காங்க.” முன்துணியை அவிழ்த்து மடித்து வைத்தார். “ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும்பா. சிரிச்சு முடிச்சதும் நிறுத்திடுவாங்க.”

அப்பா அவளைப் பார்த்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, அவளுடைய வாய்க்குப் பூட்டுப் போட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் மன்றத்து மணி அடிக்கும் முன்பே இருவரும் அங்கே போய் நின்றார்கள். ஹில்லாவின் கையில் ஈரத்துணி போட்டு மூடிய ஒரு கிண்ணம். செய்தி எப்படியோ கசிந்துவிட்டது, தூண்களுக்கு நடுவே நேற்றைவிடப் பெரிய கூட்டம். டில்மான் கையில் மாவு ஒட்டியபடியே ஓடி வந்திருந்தார். வெண்டெலாவையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவள் தலைமுடியில் வைக்கோல் ஒட்டியிருந்தது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவள் எதுவும் சாப்பிடவில்லை, தூங்கவும் இல்லை.

அப்பா முன்னால் போய்த் தொப்பியைக் கழற்றினார். நேற்று நான் சொன்னது தவறு, இந்தக் காசுகள் என் அச்சில் அடித்தவைதான், கொக்கைத் திருப்பி வெட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்றார். அவர் காது நுனி செக்கச்செவேல் என்று இருந்தது.

எழுத்தர் ஒப்புக்கொள்ளவில்லை. நேற்று இதே அச்சை ஊரே பார்த்தது, கொக்கு இடப்பக்கம்தான் பார்க்கிறது, இடப்பக்கம் பார்க்கும் அச்சிலிருந்து வலப்பக்கம் பார்க்கும் காசு எப்படி வரும் என்று கேட்டார். துடைப்பக்காரிமேல் உங்கள் மகளுக்குப் பாசம், அதனால் ராத்திரியோடு ராத்திரியாகப் பேச்சை மாற்றுகிறீர்கள் என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் அதற்கும் தலையாட்டினார்கள்.

 அப்பா இரும்போடு பேசிப் பழகினவர். ஹில்லா கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு மேசைக்குப் போனாள். எழுத்தரிடம் போகவில்லை. நேராகத் தலைவரிடம் போனாள்.

“ஐயா, உங்க கையாலேயே அந்த அச்சை இதுல ஒருவாட்டி அழுத்திப் பாருங்களேன். நாங்க யாரும் தொட மாட்டோம்.”

துணியை எடுத்தாள். உள்ளே ரொட்டிமாவு, உருண்டையாக.

நகரத் தலைவர் அச்சைக் கையில் எடுத்தார். அதில் கொக்கு இடப்பக்கம் பார்க்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டார். பார்த்தது. மாவில் வைத்து அழுத்தினார். எடுத்தார்.

கொக்கு வலப்பக்கம் பார்த்தது.

தலைவர் மாவைப் பார்த்தார். அச்சைப் பார்த்தார். மாவுதான் ஏதோ குறும்பு செய்கிறது என்பதுபோல் அதை ஒரு தட்டு தட்டிவிட்டு, வேறு இடத்தில் இன்னும் பலமாக அழுத்தினார். இரண்டாவது கொக்கும் வலப்பக்கமே பார்த்தது. அப்புறம் மெதுவாக, யாரும் பார்க்காதபோது பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, தன் விரலில் இருந்த முத்திரை மோதிரத்தைத் திருப்பிப் பார்த்தார். வருஷக்கணக்காக அவர் அதை அரக்கில் அழுத்திக்கொண்டுதான் இருக்கிறார்.

“ஓகோ” என்றார்.

 ஊர் முழுவதும் நேற்று அச்சைப் பார்த்தது. ஊர் முழுவதும் தலையாட்டியது. யாரை யார் பார்ப்பது?

முதலில் சிரித்தது ஹில்லாவின் அப்பாதான். “என்னைவிட நல்லா வெட்டியிருக்கான்னு நானே அவனைப் பாராட்டினேன்யா” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அப்புறம் தூண்கள் அதிரச் சிரித்தார்கள். பின்வரிசையில் ஒருவர், பாலத்திலிருந்து நான் போட்டது நாலு நல்ல காசாச்சே என்று தலையில் கைவைத்துக்கொண்டார். அவர் பக்கத்தில் நின்றவர் தாம் போட்டது ஏழு என்றார். பிள்ளைகள் ஏற்கெனவே ஆற்றங்கரைக்கு ஓட ஆரம்பித்துவிட்டார்கள்.

கொக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் ஓல்டென்பெக்கில் செல்லும் என்று தலைவர் அங்கேயே அறிவித்தார். வெண்டெலாவை விடச் சொன்னார். ஆனால் வெண்டெலா நகரவில்லை.

“போகலாம்மா” என்றார் தலைவர்.

“என்னோட ஆறு துடைப்பம் எங்கேங்க? எடுத்துட்டுப் போன காசு? ஒரு ராத்திரி முழுக்க உங்க எலிகளோட படுத்திருந்தேன், அதுக்கு ஒரு வார்த்தை?”

 தலைவர் தொண்டையைக் கனைத்தார். மன்னிச்சுக்கோம்மா என்றார், கொஞ்சம் வேகமாக. அந்த ஆறு துடைப்பத்தையும் மன்றமே வாங்கிக்கொள்ளும் என்றும் சொன்னார்.

வெண்டெலா தூண்களுக்கு மேலே இருந்த ஒட்டடையை நிமிர்ந்து பார்த்தாள். “ஆறு போதாதுங்க ஐயா” என்றாள்.

அப்பா அவள் முன்னால் வந்து தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றார். என்ன சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வந்தது மறந்துபோயிற்று. உங்கள் வீட்டுக் கதவுக்கு நல்ல பூட்டாக ஒன்று செய்து தரட்டுமா என்று கேட்டார்.

“எங்க வீட்டுக்குக் கதவே கிடையாதுங்க. சாக்குதான் தொங்குது” என்றாள் வெண்டெலா. அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, முதல்ல ஒரு கதவு செஞ்சு குடுங்க. பூட்டை அப்புறம் பார்க்கலாம்” என்று சேர்த்துக்கொண்டாள்.

ரொட்டிக்காரர் டில்மான் இத்தனை நேரமும் பின்னால் நின்று தன் மாவுக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது விடுவிடு என்று மேசைக்கு வந்தார், கிண்ணத்தை எடுத்தார்.

“அதை வைங்க” என்று எழுத்தர் தடுத்தார். “அது சாட்சி. பெட்டியில வெச்சுப் பூட்டணும்.”

“நாளைக்கே புளிச்சு நாறும்” என்றார் டில்மான். “அந்தப் பொண்ணு நேத்து என் கடையில ரொட்டி வாங்கத்தான் வந்துச்சு. வெறுங்கையோட அனுப்பினது நான்தான்.” அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

சந்தை மைதானத்தில் ஹில்லாவும் வெண்டெலாவும் கிணற்றுப் படியில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். வெண்டெலா தலையிலிருந்து வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டாள். ஹில்லா சாவி முத்திரையில் ஆரம்பித்துப் பொத்தான், கொக்கி, தகரப் பூ என்று எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் டில்மான் ஒரு தட்டோடு வந்துவிட்டார். ரொட்டியிலிருந்து ஆவி பறந்தது. மேலே வெண்ணெய் வேறு தடவியிருந்தார். காசு கேட்கவில்லை.

அடுப்பில் மாவு நன்றாக உப்பிவிட்டது. கொக்கின் கழுத்து தடித்து, கால் காணாமல் போய், ஏதோ குண்டு வாத்து உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. இப்போது அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஹில்லா குனிந்து குனிந்து பார்த்தாள். தட்டைத் திருப்பிக்கூடப் பார்த்தாள். சொல்ல முடியவில்லை.

“வெண்டெலாக்கா, இதுல தலை எது, வால் எது?”

வெண்டெலா பதில் சொல்லவில்லை. அவள் வாய் நிறைய இரண்டும் இருந்தன.